மழையோடு போரிட வண்டி வாங்கியவர்கள்

ராணுவத்துக்கு வண்டி தேர்ந்தெடுக்கும் வேலை என்று சொன்னால் பலரும் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். நான் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. சென்னைக்குப் பக்கத்தில், கனரக வண்டிகளைச் சேற்றிலும் மேட்டிலும் ஓட்டிச் சோதிக்கும் பிரிவில் பல வருடம் இருந்தேன். பிறகு ஜெர்மனிக்கு வந்து, பான் நகரில் ஒரு சிறிய நிறுவனத்தில் சேர்ந்தேன். யூரோ நோட்டு புதுக்கருக்கு மாறாமல் இருந்த காலம் அது. தலைநகரம் பெர்லினுக்குப் போய்விட்டதால் பானில் காலியான தூதரக வீடுகள் நிறையக் கிடந்தன. எங்கள் அலுவலகம் அப்படி ஒன்று. மீட்டிங் அறையில் பெரிய சரவிளக்கு தொங்கும், ஆனால் ஹீட்டர் வேலை செய்யாது.

சிறிய நாடுகள் எங்களிடம் வரும். அவர்கள் படைக்கு எந்த வண்டி பொருத்தம் என்று நாங்கள் கணக்குப் போட்டுச் சொல்வோம். ஜெர்மன் படை கழித்துவிட்ட வண்டிகளில் அதைத் தேடிப் பிடித்து, புதுப்பித்து, கப்பலேற்றியும் விடுவோம். இது ஒப்பந்தத்தில் இருக்கும் விவரம். நடைமுறை வேறு. அவர்கள் முன்பே ஒரு முடிவோடு வருவார்கள், அந்த முடிவுக்கு நாங்கள் காரணம் எழுதித் தர வேண்டும். இந்தத் துறைக்கு வர நினைக்கும் பிள்ளைகள் இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. எனக்கு யாரும் சொல்லவில்லை.

1. எதிரி யார்?

அந்த நாட்டின் பெயரை ஒப்பந்தப்படி நான் சொல்லக் கூடாது. சொன்னாலும் நீங்கள் அட்லஸைத் தேடி எடுக்க வேண்டியிருக்கும். மூன்று பக்கமும் ஒரே அண்டை நாடு, நான்காவது பக்கம் கடல். அங்கிருந்து மூன்று பேர் வந்தார்கள்: தரைப்படைத் தளபதி, பாதுகாப்புச் செயலாளர், சப்ளை பிரிவைப் பார்க்கும் மேஜர் அடேலா என்ற பெண். அவர்கள் பேசியது ஆங்கிலம். ஆனால் என் மண்டைக்குள் எல்லாமே நம்மூர்த் தமிழாகத்தான் போய் உட்காரும். அப்படியே தருகிறேன்.

தளபதி உட்கார்ந்ததுமே ஒரு வண்ணப் படத்தை மேஜைமேல் வைத்தார். டாங்க். "இதுல பத்து வேணும்" என்றார், ஸ்வீட் கடையில் நிற்பவர் போல.

எங்கள் முதலாளி டாக்டர் லோமான் படத்தைப் பார்க்கவே இல்லை. அவருக்கு ஒரு முறை உண்டு. அதில் முதல் கேள்வி மாறவே மாறாது. "உங்கள் எதிரி யார்?" என்று கேட்டார்.

இருப்பதே ஒரு அண்டை நாடு. அந்த நாட்டிலிருந்துதான் இவர்களுக்குக் கரண்ட் வருகிறது. ஜனாதிபதியின் மகளையும் அங்கேதான் கொடுத்திருக்கிறார்கள். செயலாளர் வெளியே போய்த் தலைநகரத்துக்குப் போன் போட்டுவிட்டு வந்தார்.

"எங்களுக்கு எதிரியே கிடையாதுங்க. எல்லாரோடவும் நட்புதான்."

"மகிழ்ச்சி" என்றார் லோமான். "அப்படியானால் வண்டி எதற்கு?"

"எதிரி வந்தா என்ன பண்றது?"

"யார் வந்தால்?"

மத்தியானச் சாப்பாடு வரை இதே பேச்சுதான். சூப் ஆறிக்கொண்டிருந்தது, எனக்குப் பசியில் கோபம் வந்துகொண்டிருந்தது. அதுவரை வாயே திறக்காத மேஜர் அடேலா அப்போது சொன்னார்: "மழைன்னு போட்டுக்கங்க சார்."

தளபதி வாய்விட்டுச் சிரித்தார். செயலாளருக்கு உயிர் வந்தது. மழை என்றால் எந்தத் தூதரும் வந்து சண்டை போட மாட்டார். "போடுங்க, மழைன்னே போடுங்க, சாப்பிடப் போகலாம்" என்று எழுந்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. லோமான் 'எதிரி: மழை' என்று எழுதி, அடியில் கோடு போட்டார்.

2. குடை

அன்று மாலை மேஜர் என்னிடம் தனியாகப் பேசினார். ஒவ்வொரு வருடமும் மழைக்காலத்தில் அவர்கள் நாட்டு ஆறு கரையை உடைத்துக்கொண்டு வரும். ஊர்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவரும் வேலை அவருடைய பிரிவுக்கு. கையில் இருப்பதெல்லாம் கிழட்டு லாரிகள். முழங்கால் தண்ணீரில் இன்ஜின் நின்றுவிடும். "போன வருஷம் ஒரு லாரி ஆத்து நடுவுல நின்னுடுச்சு. மேல இருந்த ஜனங்களை நாங்க கயித்துல இழுத்தோம். எல்லாரையும் இழுக்க முடியல" என்றார். அவருக்கு வேண்டியது ஆழத் தண்ணீரிலும் நிற்காமல் போகும் ஆறு சக்கர லாரி. அதற்காகத்தான் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தார். சிரிப்பார்கள் என்று தெரிந்தே சொல்லியிருந்தார்.

லோமானின் முறைப்படி எதிரி வரும் திசை, வேகம், காலம், ஆயுதம் எல்லாம் வேண்டும். எங்கள் அலுவலகத்தில் தர்சினி என்ற பெண் கணக்குப் பார்த்தாள். அவள் குடும்பம் யாழ்ப்பாணம். கைக்குழந்தையாக ஜெர்மனிக்கு வந்து, இங்கேயே படித்து வளர்ந்தவள். "அண்ணை, எதிரி வடகிழக்கால வாறானாம். வருஷா வருஷம் ஒரே மாசம். உளவுத்துறையே தேவையில்லை" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரித்தாலும் கணக்கை ஒழுங்காகத்தான் போட்டாள்.

முடிவு வந்தது. தண்ணீரில் இறங்கும் ஆழம், சக்கர அச்சில் விழும் பாரம், மரப்பாலம் தாங்கும் எடை என்று எல்லாவற்றிலும் ஆறு சக்கர லாரிதான் முதல். அடுத்தது ஆம்புலன்ஸ், அதற்கடுத்தது நடமாடும் சமையல் வண்டி. டாங்க் கடைசி. காரணம் என்ற இடத்தில் லோமான் ஒரே வரி எழுதியிருந்தார்: 'இந்த எதிரியைச் சுட இயலாது.'

தளபதியின் முகம் சிவந்தது. "நான் டாங்க் கேட்டேன். நீங்க குடை குடுக்கறீங்க."

"எதிரிக்கு ஏற்ற ஆயுதம்" என்றார் லோமான்.

செயலாளர் சமாதானம் பேசினார். கணக்கில் கௌரவம் என்று ஒரு தலைப்பைச் சேர்த்து, அதற்கு நிறைய வெயிட்டேஜ் கொடுக்கலாமே என்றார். லோமான் சம்மதித்தார். கௌரவத்தை எந்த அலகில் அளப்பது என்று மட்டும் கேட்டார். தளபதி கோட்டை மாட்டிக்கொண்டு, வேறு நாட்டில் வாங்கிக்கொள்கிறேன் என்று ஹோட்டலுக்குப் போய்விட்டார். மேஜர் தன் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

3. உயரம்

மறுநாள் காலை தர்சினி என்னைத் தன் கம்ப்யூட்டர் பக்கம் கூப்பிட்டாள். அந்த நாட்டுச் செய்தித்தாள்களில் வந்த தளபதியின் படங்களைத் தேடி எடுத்து வைத்திருந்தாள்.

"உந்தப் படங்களை ஒருக்கா வடிவாப் பாருங்கோ அண்ணை. எல்லாத்திலையும் இந்தாள் ஒரு படியில ஏறித்தான் நிக்கிறார். கடற்படைத் தளபதி பக்கத்தில நிண்டா இன்னும் ஒரு படி மேல."

"அதனால என்னம்மா?"

"அவருக்கு டாங்க் வேண்டாம். உயரம்தான் வேணும்."

நான் ஓடிப்போய் டேப் எடுத்தேன். சுதந்திர தின அணிவகுப்பில் டாங்கின் மேல்மூடியைத் திறந்து நின்றால் இடுப்புக்கு மேல்தான் ஆள் தெரியும். அதே ஆள் லாரியின் பின்தளத்தில் ஒரு மேடை போட்டு நின்றால் பூட்ஸிலிருந்து தொப்பி வரை தெரியும். மேடை தரையிலிருந்து நல்ல உயரம். கடற்படைத் தளபதி வருவது திறந்த ஜீப்பில். இவ்வளவையும் ஒரு படமாகப் போட்டு, டாங்க், லாரி, ஜீப்பில் நிற்பவர்கள் மூன்று பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, ஹோட்டலுக்கு அனுப்பினோம்.

தளபதி பத்தரைக்கே வந்துவிட்டார். படத்தை நிமிர்த்திப் பிடித்து, தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"கைப்பிடி போடுவீங்களா?"

"பித்தளையில போடலாம் சார்."

"பாலிஷ் பண்ணது?"

"பாலிஷ் பண்ணதுதான் சார்."

ஆறு லாரிகளுக்குக் கையெழுத்தானது. கௌரவத்தின் அலகு சென்டிமீட்டர் என்று லோமான் குறித்துக்கொண்டார். கிளம்பும்போது மேஜர் தர்சினியின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

4. போன்

லாரிகள் போய்ச் சேர்ந்த அடுத்த மழைக்காலம். ஒரு நாள் காலையில் மேஜரிடமிருந்து போன் வந்தது. நாங்கள் மூன்று பேரும் மீட்டிங் அறையில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். தகரக் கூரைமேல் மழை கொட்டும் சத்தம்தான் முதலில் கேட்டது.

"சார், நான் ஷெட்டுக்குள்ள நிக்கறேன். ஆத்துக் கரை ஒடைஞ்சிடுச்சு. ஸ்கூல் கூரைமேல ஜனங்க ஏறி நிக்கறாங்க. வண்டியை எடுக்க முடியல."

"ஏன் மேடம், கிளம்பலையா?"

"சாவி தளபதி ஆபீஸ்ல இருக்கு. வர்ற வாரம் அணிவகுப்பு. பெயின்ட்ல சேறு படக் கூடாதாம், முடிஞ்சப்புறம் எடுத்துக்கன்னு சொல்லிட்டார். சாவி இல்லாம இதைக் கிளப்ப முடியுமா?"

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ராணுவ லாரிக்குச் சாவியே கிடையாது. பொத்தானை அழுத்தினால் கிளம்பும். அவசரத்தில் யாரும் சாவி தேடி நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். இந்த ஆறு லாரிகளுக்கு மட்டும் சாவி இருந்தது. கப்பலேற்றும் முன்பு தளபதி, "சாவி இல்லாத வண்டின்னா விழா மேடையில நான் எதைக் கையில வாங்கிக்கறது?" என்று கேட்க, எங்கள் பட்டறைக்காரர்கள் பூட்டு வைத்துக் கொடுத்திருந்தார்கள். கழற்றுவது பெரிய வித்தை இல்லை. உள்ளே போகும் ஒரு இணைப்பைப் பிடுங்கி, பழைய இடத்தில் செருகினால் போதும். ஆனால் எங்கள் வாடிக்கையாளர் தளபதி. அவர் பூட்டி வைத்த வண்டியைத் திறக்க வேறொருவருக்கு வழி சொன்னால் ஒப்பந்தம் போகும், கூடவே நிறுவனமும் போகும். என் வேலை போனால் விசாவும் போகும்.

நான் லோமானைப் பார்த்தேன். தர்சினி என்னைப் பார்த்தாள். "சொல்லுங்கோ அண்ணை, அங்க சனம் கூரையில நிக்குது" என்றாள்.

லோமான் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நம் பதிவில் இந்த நாட்டின் எதிரி யார்?"

"மழை" என்றாள் தர்சினி.

"எதிரி உள்ளே வந்துவிட்டானா?"

"வந்துட்டான்" என்று கத்தினேன்.

"அப்படியானால் இது போர்க்காலம். போர்க்காலத்தில் எந்த அதிகாரி கேட்டாலும் டெக்னிக்கல் உதவி தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் நானே எழுதியிருக்கிறேன். கொடுங்கள்."

மனிதர் கிண்டல் செய்கிறாரா என்று பார்த்தேன். இல்லை. அவருக்கு அது ஒரு விதி, அவ்வளவுதான். அந்த மனிதரை அன்று கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. போனில் ஒவ்வொரு படியாகச் சொன்னேன். அந்தப் பக்கம் டார்ச் கீழே விழுந்தது, யாரோ திட்டினார்கள். பிறகு ஒரு இன்ஜின் உறுமியது. அடுத்து இன்னொன்று. ஆறு லாரியும் கிளம்பும்வரை மேஜர் லைனை வைக்கவில்லை. தர்சினி மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதுகொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடக் கூரையில் இருந்த அத்தனை பேரும் பிழைத்தார்கள். ஆற்றின் கீழ்க்கரையில் சில வீடுகளுக்கு லாரி போனபோது அங்கே வீடுகளே இல்லை. ஒரு நாள் முன்பு கிளம்பியிருந்தால் என்று மேஜர் ஒரே ஒரு முறை சொன்னார். எனக்கு இன்றுவரை அது ஆறவில்லை.

5. மறு ஆர்டர்

அணிவகுப்பு நடந்தது. அன்று காலை வரை வெள்ள வேலை இருந்து, கழுவ நேரமில்லாததால் லாரிகள் கண்ணாடி வரை காய்ந்த சேற்றோடு வந்தன. தெருவில் நின்ற ஜனங்கள் லாரிகளைப் பார்த்ததும் கையைத் தட்டினார்கள், கூடவே ஓடினார்கள், பானெட்டின்மேல் பூவைப் போட்டார்கள். மேலே பித்தளைக் கைப்பிடியைப் பிடித்து நின்ற தளபதி, அத்தனையும் தனக்கு என்று எடுத்துக்கொண்டார். வாழ்க்கையில் இப்படி ஒரு வரவேற்பு கண்டதில்லை என்றும், மக்களின் அன்பு பெருகியிருப்பதால் இன்னும் பத்து லாரிகள் வேண்டும் என்றும், மேடை மட்டும் ஒரு சாண் உயரட்டும் என்றும் எங்களுக்கு எழுதினார். உத்தரவில்லாமல் வண்டியை எடுத்த மேஜரை பேண்டு வாத்தியங்கள் வைக்கும் கிடங்குக்கு மாற்றிவிட்டதை அவர் எழுதவில்லை. அதை மேஜரே போனில் சொன்னார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. அந்த ஆளுக்கு வண்டியே தரக் கூடாது என்று குதித்தேன். மேஜர்தான் என்னை அடக்கினார்.

"பத்து வண்டியா? தாராளமா அனுப்புங்க சார். மேடையை அவர் கேக்கற உயரத்துக்குப் போட்டுக் குடுங்க. பூட்டு மட்டும் வைக்காதீங்க."

"சாவி இல்லைன்னா அவர் கேப்பாரே?"

"விழா மேடையில வாங்கிக்கப் பெருசா ஒரு சாவி செஞ்சு அனுப்புங்க. எதையும் திறக்க வேண்டாம். படத்துல நல்லா விழுந்தாப் போதும்."

இந்தத் துறையில் நான் கற்றது இவ்வளவுதான். வண்டியின் ஆழம், எடை, வேகம் எல்லாம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். தேவைப்படுகிற அன்று அதைக் கிளப்பப்போகிறவர் யார் என்று எந்தப் புத்தகமும் கேட்காது. அதை நீங்கள் முதல் மீட்டிங்கிலேயே கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியவர் பெரும்பாலும் மேஜையின் கடைசியில், வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்.

மேடை ஒரு சாண் உயர்ந்தது. முழங்கை நீளத்தில், தங்க முலாம் பூசிய ஒரு சாவியைச் செய்து, வெல்வெட் பெட்டியில் வைத்து அனுப்பினோம். தளபதி அதைக் கையில் ஏந்தி நிற்கும் படம் எங்கள் சரவிளக்குக்குக் கீழே வெகுகாலம் மாட்டியிருந்தது. அவருக்குப் பின்னால் நிற்கும் பத்து லாரிகளையும் பொத்தானை அழுத்தி யார் வேண்டுமானாலும் கிளப்பலாம்.