எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது

நாற்பத்திரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். நாற்பத்திரண்டு பிள்ளைகளை எண்ணித்தான் பஸ்ஸில் ஏற்றினேன். இருந்தும் ஒரு குழந்தையைச் சிதம்பரத்தில் தவறவிட்டுவிட்டுக் கடலூருக்குத் திரும்பினேன்.

நம் அன்பிய ஜெபக் கூட்டத்தில் நான் இதுவரை சாட்சி சொன்னதில்லை. மற்றவர்கள் சொல்லும்போது பின்வரிசையில் உட்கார்ந்து வீட்டு வேலையை யோசித்துக்கொண்டிருப்பேன். இன்று எழுந்து நிற்கிறேன் என்றால், நடந்ததை மறைத்து வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. என் பெயர் ஜெயராணி. கடலூரில் நம் கன்னியர்கள் நடத்தும் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. மாணவர் மன்றமும் என் பொறுப்பு. எனக்குக் கோபம் ஜாஸ்தி. அது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், உங்கள் பிள்ளைகள் என்னிடம் படித்திருக்கிறார்கள்.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. ஐந்தாம் வகுப்பில் ஏழு பேரைப் பிள்ளைகளே ஓட்டுப் போட்டுத் தலைவர்களாகத் தேர்ந்தெடுப்பார்கள். ஒவ்வொரு தலைவருக்கும் ஒன்றாம், இரண்டாம் வகுப்புச் சின்னப் பிள்ளைகள் ஐந்து பேர். அவர்களைக் கைகழுவ வைப்பது, சாப்பிட வைப்பது, மாலை வண்டி ஏற்றிவிடுவது எல்லாம் அந்த அக்கா அண்ணன்கள்தான். எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இருந்ததில்லை. சட்டையில் பேட்ஜ் குத்தி வரிசை பார்க்கத்தான் இவர்கள் லாயக்கு என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன்.

அந்த ஏழு பேரில் ஒருத்தி பவித்ரா. கடலூருக்கு வெளியே இருக்கும் குடிகாட்டுப் பிள்ளை, இந்துக் குடும்பம். அவள் மட்டும் தன் குழுவை எண்ண மாட்டாள். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். அவர்கள் "இருக்கேன் அக்கா" என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் அடுத்த பெயர். எங்கே போனாலும், கைகழுவும் குழாய்க்குப் போனாலும்கூட, இதே கூத்து. "அஞ்சு பேர எண்ண ஒனக்கு அஞ்சு நிமிஷமாடி?" என்று நான் எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன்.

அவள் குழுவில் கடைசிப் பெயர் நிவேதா. ஒன்றாம் வகுப்பு. ஜூன் மாதம் சேர்ந்ததிலிருந்து பள்ளியில் யாரிடமும் பேசாத பிள்ளை. பேர் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். பவித்ரா கூப்பிடும்போது மட்டும் உதடு அசையும். என் காதுக்குச் சத்தம் வந்ததே இல்லை. சிதம்பரத்துக்குக் கிளம்பிய காலையில் நிவியின் அம்மா பஸ் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மிஸ், அவ யாருகிட்டயும் வாயே தொறக்க மாட்டா. அத மட்டும் கொஞ்சம் பாத்துக்கங்க." நான் சரி சரி என்று கையை ஆட்டினேன்.

சிதம்பரத்தில் இருப்பதும் நம் கன்னியர்களின் பள்ளிதான். பள்ளியை ஒட்டிய மாதா கோவில் வளாகத்தில் இரண்டு பள்ளிப் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் குழந்தைகள் விழா. நாங்கள் போய் இறங்கியதும்தான் ஒரு விஷயம் உறைத்தது. இரண்டு பள்ளிக்கும் ஒரே சீருடை. அதே நீலக் கட்டம், அதே வெள்ளை ரிப்பன், அதே இரட்டைப் பின்னல். பிள்ளைகள் கலந்து ஆடிப் பாடியபோது எது நம்முது, எது அவுங்களுது என்றே தெரியவில்லை. பார்க்க அழகாக இருக்கிறது என்று நான் போட்டோவாக எடுத்துத் தள்ளினேன்.

விழா மூன்றரைக்கு முடிந்தது. வானம் கருத்துக்கொண்டு வந்தது. டிரைவர் அண்ணன் ஹாரன் அடிக்கத் தொடங்கினார். சின்னப் பிள்ளைகள் முன்பக்கம், தலைவர்கள் பின்பக்கம் என்று நான் பிரித்து உட்காரவைத்தேன், கத்தாமல் வருவார்கள் என்று. ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினேன். நாற்பத்திரண்டு. "போலாம்ண்ணா" என்றேன்.

பின்னாலிருந்து பவித்ரா எழுந்து வந்தாள்.

"மிஸ், பேர் கூப்பிடலையே மிஸ்."

"எண்ணியாச்சு, சரியா இருக்கு. போய் ஒக்காரு."

"ஒரே ஒரு தடவ கூப்பிட்டுடறேன் மிஸ்."

"பேட்ஜ் குத்திட்டா நீ டீச்சராயிடுவியா? போ!"

எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் சொன்னேன். அவள் முகம் சுண்டிப்போனது. திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டாள். வண்டி கிளம்பியது.

வழியெல்லாம் தூறல். புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் எல்லாம் தாண்டினோம். குடிகாடு நெருங்கும்போது எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு உண்டு. அங்கிருக்கும் கெமிக்கல் கம்பெனிகளின் வாடை வருவதற்கு முன்னாலேயே எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஊர் தாண்டும்வரை யார் மூச்சை அடக்குகிறார்கள் என்று பார்ப்பார்கள். அன்றும் பஸ் முழுக்க மூக்கைப் பிடித்துக்கொண்டது. ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பிள்ளை மட்டும் திடுக்கென்று விழித்து, "அய்ய, இது என்ன நாத்தம்?" என்று கேட்டது.

எங்கள் பள்ளியில் இந்தக் கேள்வி கேட்கிற பிள்ளை கிடையாது.

நான் அருகே போய் முகத்தைப் பார்த்தேன். எனக்குத் தெரியாத முகம்.

"ஒன் பேரு என்னம்மா?"

"ஹர்ஷினி."

"எந்த ஸ்கூலு?"

"சிதம்பரம்."

பஸ்ஸில் போனால் ஜாலியாக இருக்குமென்று ஏறிவிட்டதாகச் சொன்னாள். பக்கத்திலிருந்த சின்னவன், "புதுப் பொண்ணுன்னு நெனச்சேன் மிஸ்" என்றான். அப்படியென்றால் எங்களுடையதில் ஒன்று குறைகிறது. நான் வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து பவித்ரா ஓடிவந்து முன் வரிசைகளைப் பார்த்தாள். "நிவி இல்ல மிஸ்" என்றாள்.

பேசாத பிள்ளை. கேட்டால் தன் பெயரைக்கூடச் சொல்லாத பிள்ளை. சிதம்பரத்தில் கோவில் வளாகத்தின் கேட்டைத் தாண்டினால் பஸ் போகிற ரோடு. மழை வேறு. இருட்டப் போகிறது.

கடலூரில் இருக்கும் எங்கள் தலைமை ஆசிரியை சிஸ்டருக்குப் போன் போட்டேன். "சிஸ்டர், நிவேதாவ விட்டுட்டு வந்துட்டேன்" என்று சொல்லி முடிப்பதற்குள் போன் அணைந்துவிட்டது. காலையிலிருந்து போட்டோ எடுத்தே சார்ஜைத் தீர்த்திருந்தேன். யாருடைய நம்பரும் எனக்கு மனப்பாடமாகத் தெரியாது. உதவிக்குக் கூட வந்திருந்த இன்னொரு டீச்சரின் போனை வாங்கிப் பேசவும் அந்தப் பதற்றத்தில் தோன்றவில்லை. மற்ற பிள்ளைகளின் பெற்றோர் பள்ளி வாசலில் காத்திருந்தார்கள். பிள்ளைகளை அந்த டீச்சரோடு பஸ்ஸில் அனுப்பிவிட்டு, நான் ஹர்ஷினியைத் தூக்கிக்கொண்டு குடிகாட்டிலேயே இறங்கினேன். பவித்ராவும் இறங்கினாள், அது அவள் ஊர். அவளை அழைத்துப்போக அவள் அப்பா தன் குட்டி யானை லோடு வண்டியோடு அங்கே நின்றிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

"ஏறுங்க டீச்சர். பாப்பா, நீயும் ஏறு."

நான்கு பேரும் முன்சீட்டில் நெருக்கி உட்கார்ந்தோம். வைப்பர் சரியாக வேலை செய்யவில்லை, அவர் கையை வெளியே விட்டுக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஓட்டினார். நான் அழுவதைப் பார்த்துவிட்டு, "ஒங்க சாமிய வேண்டிக்கங்க டீச்சர். வண்டிய நான் பாத்துக்கறேன்" என்றார்.

ஜெபமாலையை எடுத்தேன். முதலில், காணாமல் போனதைத் தேடித் தரும் அந்தோணியாரிடம் பேரம் பேசினேன். வேளாங்கண்ணிக்கு நடந்தே போகிறேன், மெழுகுதிரி ஏற்றுகிறேன் என்று என்னென்னவோ சொன்னேன். ஒன்றும் மனதில் ஒட்டவில்லை. முட்லூர் தாண்டும்போது வேறு ஒரு வார்த்தை வாயில் வந்தது. "ஆண்டவரே, தப்பு என்னுடையது. அந்தப் பிள்ளை சரியாகச் சொன்னது. நான்தான் வாயை அடைத்தேன். என் கோபத்துக்கு அந்தக் குழந்தையைப் பலியாக்கிவிடாதே." பிறகு ஜெபமாலையின் ஒவ்வொரு மணிக்கும் நிவேதா, நிவேதா என்றே உருட்டினேன்.

பவித்ராவிடம் கேட்டேன்: "அவ எங்கடி இருப்பா?"

"தெரியல மிஸ்." பிறகு தானே சொன்னாள்: "ஆனா நான் கூப்பிட்டா சொல்லுவா மிஸ்."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆறு மணி தாண்டிவிட்டது. கோவில் வளாகத்தில் கூட்டம். போனில் அரைகுறையாகக் கேட்டதை வைத்தே எங்கள் சிஸ்டர் அங்கே தகவல் சொல்லியிருந்தார். கன்னியர்கள் குடையும் டார்ச்சுமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். ஹர்ஷினியின் அம்மா என்னிடமிருந்து மகளைப் பிடுங்கிக்கொண்டு, முதுகில் ஓர் அடி வைத்து, கட்டிப்பிடித்து அழுதார். பிறகு என்னைப் பார்த்து, "ஒங்க புள்ள இன்னும் கெடைக்கல டீச்சர்" என்றார். அந்தத் தாயின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மாதா சுரூபம் இருக்கும் கெபிக்குப் பின்னால் பார்த்துவிட்டார்கள். பாத்ரூம், வகுப்பறைகள், விழா நடந்த ஹால், எல்லாம் பார்த்துவிட்டார்கள். ஆளாளுக்கு "நிவேதா, நிவேதா" என்று கத்தினார்கள். பதில் இல்லை. ரோட்டுப் பக்கம் இரண்டு பேர் ஓடினார்கள். போலீசுக்குச் சொல்லலாம் என்று யாரோ சொன்னார்கள்.

அப்போது பவித்ரா என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"மிஸ், நான் பேர் கூப்பிடட்டுமா?"

அனுமதி கேட்டாள். நான் அவ்வளவு செய்த பிறகும் அனுமதி கேட்டாள். "கூப்பிடும்மா" என்றேன். மற்றவர்களைக் கத்த வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

அவள் ஹால் வாசலில் ஏறி, பேட்ஜை நேராக்கிக்கொண்டு நின்றாள். காலையில் கூப்பிட்ட அதே வரிசையில் தொடங்கினாள்.

"கவின்." மழைச் சத்தம்தான் கேட்டது. அவன் இந்நேரம் கடலூரில் வீட்டில் இருப்பான். ஆனாலும் அவனுக்கு உண்டான நேரத்தைக் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த பெயருக்குப் போனாள்.

"ஆன்டோ."

"தர்ஷினி."

"ரிஸ்வான்."

நான் ஜெபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"நிவேதா."

ஒன்றும் இல்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பவித்ரா குரலை உயர்த்தவில்லை. பள்ளியில் எப்படிக் கூப்பிடுவாளோ அப்படியே இன்னொரு முறை கூப்பிட்டாள். "நிவேதா."

"இருக்கேன் அக்கா!"

ஹாலுக்குள் மேடைக்கு அடியிலிருந்து வந்தது. சத்தமாக வந்தது. அந்தக் குரலை நான் முதன்முதலாக அன்றுதான் கேட்டேன். சுருட்டி வைத்த ஜமுக்காளங்களுக்குப் பின்னால், தண்ணீர் பாட்டிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறந்துவிட்ட பாட்டிலை எடுக்க உள்ளே ஓடியிருக்கிறாள். வெளியே வந்தபோது பஸ் போய்விட்டது. தெரியாதவர்கள் தேடத் தேடப் பயந்து இன்னும் உள்ளே நகர்ந்திருக்கிறாள். பவித்ரா மேடைக்கு அடியில் தவழ்ந்து போய் அவளைக் கூட்டி வந்தாள். நான் அந்தச் சிமெண்ட் தரையிலேயே முழங்கால் போட்டுவிட்டேன்.

அரைமணி நேரத்தில் நிவியின் அம்மா சிஸ்டரோடு காரில் வந்து இறங்கினார். தப்பு என்னுடையது, பவித்ராவை நான்தான் பேர் கூப்பிட விடவில்லை என்று ஒன்று விடாமல் சொன்னேன். அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவர் மகளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எல்லாரும் இருக்கறப்ப வாயத் தொறந்து சொன்னாளா மிஸ்?"

"சத்தமா சொன்னா" என்றேன். அவர் அங்கேயே அழுதுவிட்டார்.

திங்கட்கிழமை காலை வணக்கக் கூட்டத்தில் எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் பவித்ராவிடம் மன்னிப்புக் கேட்டேன். எல்லார் முன்னாலும் திட்டினேன், எல்லார் முன்னாலும்தான் கேட்க வேண்டும். இப்போது எங்கள் பள்ளியில் யாரும் தலையை எண்ணுவதில்லை. ஏழு தலைவர்களும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். நேரம் ஆகிறது. ஆகட்டும்.

அன்பானவர்களே, கோபம் எனக்கு இன்னும் வருகிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று தெரிந்துகொண்டேன். நம்மைத் தேடுகிற ஆண்டவருக்கு நாம் நாற்பத்திரண்டில் ஒன்று இல்லை. நமக்கென்று ஒரு பெயர் வைத்திருக்கிறார், நாம் எந்த இருட்டில் ஒளிந்திருந்தாலும் அதைச் சொல்லிக் கூப்பிடுகிறார். உங்களில் யாராவது இன்று மேடைக்கு அடியில் உட்கார்ந்திருந்தால், பதில் சொல்லுங்கள். கூப்பிடுகிறவர் போய்விட மாட்டார்.

சென்ற வாரம் பவித்ரா தன் ஐந்து பெயர்களையும் கூப்பிட்டு முடித்தாள். நிவி சத்தமாகப் பதில் சொன்னாள். பிறகு அக்காவின் காதில் ஏதோ சொன்னாள். பவித்ரா சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாள்.

"ஜெயராணி மிஸ்."

பள்ளிக்கூடமே திரும்பிப் பார்த்தது. நான் எழுந்து நின்று சொன்னேன்.

"இருக்கேன் அக்கா."