முகமூடிக்குள் இருந்தவர்

எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி சூடேறும்போது தூசி கருகும் வாசனை ஒன்று வரும். எழுபதுகளில், மொன்றியலின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில், சனிக்கிழமைக் காலை என்றால் எனக்கு அந்த வாசனைதான். சென்னையிலிருந்து வந்து கல்லூரியில் பொறியியல் கற்பித்த அப்பா செய்தி பார்ப்பதற்கென்று வாங்கிய அந்த "டிவிப் பொட்டி"யின் முன்னால், கீழ்வீட்டு மிச்சிகோவும் நானும் பிரெஞ்சில் குரல் மாற்றிய ஒரு ஜப்பானியத் தொடருக்காகக் காத்திருப்போம். அழகான இளைஞன் ஒருவன் செதில் கவசம் பூண்ட வீரனாக மாறி, கடலிலிருந்து ஏறிவரும் அரக்கர்களை அடித்து வீழ்த்துவான்.

மிச்சிகோ வீட்டில் தொலைக்காட்சி கிடையாது. தேவாலய நிலவறையில் ஜூடோ கற்றுத்தந்த அவள் அப்பா ஒகுமுரா, மகளைக் கூப்பிட வந்தாலும் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுகொள்வார். அவள் காய்ச்சலில் படுத்திருந்த ஒரு சனிக்கிழமை, அம்மா கொடுத்தனுப்பிய ரசப் பாத்திரத்தைத் திருப்பித் தர வந்தவரை அம்மா வற்புறுத்தி உட்காரவைத்தாள். திரையில் சண்டை நடந்துகொண்டிருந்தது.

"அது நான்" என்றார் ஒகுமுரா ஆங்கிலத்தில், திரையைக் காட்டி.

அப்பா மரியாதைக்குச் சிரித்தார். திரையில் பார்த்த இளைஞனின் முகம் அல்லவே இது.

"மாறுவதற்கு முன்னால் அவர். மாறிய பிறகு நான்."

அன்று காப்பி ஆறும்வரை அவர் சொன்னதை நான் கண் கொட்டாமல் கேட்டேன். மீன்பிடி ஊரில் பிறந்து, வாள்சண்டைப் படங்களில் வெட்டுப்பட்டு விழும் ஆளாக வேலை செய்து, உயரமாக இருந்ததால் அந்த ரப்பர் உடைக்குள் புகுந்தவர் அவர். முகமூடியின் தாடைப் பக்கத்துத் துளைகள் வழியே தரையைத்தான் பார்க்க முடியுமாம். படப்பிடிப்புத் தள வாசலில் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு இளைஞன் கையெழுத்துப் போடும்போது, இவர் யார் கண்ணிலும் படாமல் வண்டிக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். உள்ளே ஒரு மனிதன் இருப்பது பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது என்று வாக்கு வாங்கியிருந்தார்கள். மிச்சிகோவிடமும் அவர் சொன்னதில்லையாம். ஒரு வெடிக் காட்சியில் உடை தீப்பிடித்து முதுகு வெந்தது. அடுத்த வாரம் வேறொருவர் அதே உடையில் நடித்தார்.

"யாரும் கண்டுபிடிக்கவில்லை" என்றார். அதில் கோபம் இருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவர் போன பிறகு அம்மா கேட்டாள். "ஏங்க, பெத்த பொண்ணுகிட்டகூடவா சொல்லாம இருப்பாங்க?"

"வாக்குக் குடுத்திருக்கார். அது அவர் விஷயம்" என்ற அப்பா, என் பக்கம் திரும்பி, "நீ வாயைத் திறக்காதே" என்றார்.

திறக்கவில்லை. ஆனால் அன்றுமுதல் கதையை விட்டுவிட்டு அந்த உடையையே பார்க்கத் தொடங்கினேன். இந்த முழங்கைக்குள் அவர் முழங்கை, இந்தக் குதிப்புக்குள் அவர் மூச்சு. பனி உருகத் தொடங்கிய ஒரு வாரம், அந்தத் தீக்காட்சி வந்தது. மிச்சிகோ கைதட்டினாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை ஒகுமுரா முன்னதாகவே வந்து, வாசலில் நிற்காமல் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றார். வீரன் வழக்கம்போல உதைத்தான், அரக்கன் சாய்ந்தான். மிச்சிகோ முகம் சுளித்தாள்.

"இது வேற ஆள்" என்றாள் பிரெஞ்சில்.

"எப்படிச் சொல்றே?" என்று கேட்டேன்.

"பழைய ஆள் அரக்கன் விழுந்ததும் ஒரு தடவை குனிஞ்சு பார்ப்பார், நிஜமா அடி பட்டுடுச்சான்னு. இவர் பார்க்கல."

ஒகுமுரா அவளருகே தரையில் உட்கார்ந்து ஜப்பானிய மொழியில் மெதுவாக ஏதோ சொன்னார். மிச்சிகோ திரையைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு எழுந்து அவருக்குப் பின்னால் போய், சட்டைக்கு மேலேயே அவர் முதுகில் உள்ளங்கையை வைத்தாள். அம்மா என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

சில ஆண்டுகளில் அவர்கள் வான்கூவருக்குப் போய்விட்டார்கள். எங்கள் கட்டடம் நிற்கிறது, கூரையில் அன்றிருந்த ஆன்டெனாக் கம்பிகள் இல்லை. இணையத்தில் அந்த அழகான இளைஞனுக்குப் பக்கம் பக்கமாக இருக்கிறது. ஒகுமுராவின் பெயருக்கு ஒரே ஒரு வரி, அதுவும் எழுத்துப்பிழையோடு. நாங்கள் பார்த்த பிரெஞ்சு வடிவத்தையும் தேடினேன். குரல் பதிந்த நாடாக்களை அழித்து, அவற்றின்மேல் வேறு ஏதோ பதிவு செய்துவிட்டார்களாம்.