ஆற்றில் விழுந்தவளின் மொட்டை

திருத்தணி மலையில் மொட்டை போட உட்கார்ந்திருக்கிறேன். முடியிறக்குகிறவர் தலையில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றியதும் என் கைகள் தாமாகவே இறுகிக்கொள்கின்றன.

"இன்னாம்மா, தண்ணின்னா பயமா? இன்னா வேண்டுதல்?"

"ராஃப்டிங் போனேங்க, முதல் தடவையா. ஆத்து வெள்ளத்துல ரப்பர் படகு. விழாம திரும்பினா மொட்டைன்னு வேண்டிக்கிட்டேன்."

"விழலதானே?"

"விழுந்துட்டேன். கைடு கயிறு வீசறதுக்குள்ள நானே படகைப் பிடிச்சு ஏறிட்டேன். துடுப்பைக்கூட விடல."

கத்தி அந்தரத்தில் நிற்கிறது. "அப்ப வேண்டுதல் பலிக்கலியே! எதுக்கு முடி தர்றீங்க?"

"ஏறினதும் பயந்து பின்னாடி போகாம, அலை முதல்ல அடிக்கிற முன்பக்கத்துல போய் உக்காந்தேனே, அதுக்கு."

என்னை ஏற இறங்கப் பார்க்கிறார். இன்னொரு குவளை ஊற்றுகிறார்.

"ஆத்துக்கே குனியாத தலை. முருகனுக்கோசரம் கொஞ்சம் குனிங்கம்மா."