‘பந்தல்குடி லோடு’ என்கிற ஃபைல்

காலையில் தனபாலண்ணன் நம்பரிலிருந்து போன். ‘ஓடுது’ என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து எடுத்தேன்.

அவர் மனைவி. “அவுக போயிட்டாகம்மா... விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னாக...”

பந்தல்குடியில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தவர். ஃபேஸ்புக்கில் கிடையாது, உங்களில் யாருக்கும் தெரிந்திருக்காது.

நான் அருப்புக்கோட்டையில் ஒரு மாடி ரூமில் தனியாக உட்கார்ந்து டாக்குமென்டேஷன், அதாவது எப்படிப் பயன்படுத்துவது என்கிற விளக்கம், எழுதுகிறவள். கமாண்டு லைனில் புரோகிராம் பேருக்குப் பின்னால் நாம் டைப் செய்வதை வாங்கிப் பிரித்துக் கொடுக்கிற ஒரு லைப்ரரிக்கு; புரோகிராம் எழுதுகிறவர்கள் அப்படியே எடுத்துச் சேர்த்துக்கொள்கிற ரெடிமேட் கோடு அது. அதை யாராவது முழுசாகப் படிக்கிறார்களா என்று எனக்குத் தெரிந்ததே இல்லை... அண்ணன் மெயில் வரும்வரை.

லோடு லிஸ்ட்டை ஊர்வாரியாகப் பிரிக்க அந்த லைப்ரரியை வைத்து அவரே ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். ஃபைல் பேர் ‘பந்தல்குடி லோடு’. நடுவில் இடம் விட்டிருந்ததால் புரோகிராம் அதை இரண்டு ஃபைல் என்று எடுத்துக்கொண்டு, ‘பந்தல்குடி’யைக் காணோம் என்று எர்ரர்.

மெயிலில் நம்பர் இருந்தது. கூப்பிட்டேன்.

“ஏம்மா, உங்க உதாரணத்துல எல்லா ஃபைலுக்கும் ஒத்த வார்த்தையில பேரு வச்சிருக்கீக. இங்க யாரு அப்படி வைக்கிறா?”

எனக்குச் சுர்ரென்று வந்தது. பேரைக் கொட்டேஷன் குறிக்குள் போட்டால் முடிந்தது, எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்றேன்.

“எனக்குத் தெரியலையேம்மா. அப்ப நான் எல்லாருல சேத்தி இல்லையா?”

அன்றைக்கே திருத்தினேன். அவர் ஃபைல் பேரையே உதாரணமாகவும் போட்டேன். அரை மணி நேரத்தில் போன். “ஓடுது.” அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. நான் எதைத் திருத்தினாலும் அதில் இருக்கிறபடியே டைப் செய்து பார்ப்பார். “ஓடுது.” இல்லையென்றால், “ஓடலைம்மா.” பல நாள் எனக்கு வந்த ஒரே போன் அதுதான்.

ஒரு தடவை பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். ஆபீஸ் சுவரில் நான் எழுதிய பக்கங்களை பிரிண்ட் எடுத்து ஒட்டியிருந்தார். புரியாத இடத்திலெல்லாம் சிவப்புக் கோடு... நிறையவே கோடு.

“இவுகதான் இதெல்லாம் எழுதுனவுக,” என்று டிரைவர்களிடம் காட்டினார். வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

போன மாதம் ஒன்று கேட்டார். “புரோகிராம் பேருக்குப் பின்னாடி ஒண்ணுமே குடுக்காம என்டரைத் தட்டிட்டா என்ன ஆகும்னு எங்கயுமே காணமேம்மா?”

ஞாயித்துக்கிழமை எழுதிடுறேண்ணே என்றேன். நாலு ஞாயிறு போய்விட்டது. அவரும் திரும்பக் கேட்கவில்லை.

இன்றைக்கு நாலு மணிக்குத் தூக்கினார்கள். வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரத்தலையோடு உட்கார்ந்து அதை எழுதினேன். மொத்தமே ஆறு வரி. சைட்டில் ஏற்றியும் விட்டேன்.

அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. போனைக் கையில் வைத்துக்கொண்டே இருக்கிறேன்.

எழுதிட்டேண்ணே... லேட்டாயிருச்சு.