லார்க்கினை மூன்று தடவை சுற்றிப் பார்த்தோம்

என் அக்கா லாபிஸில் இருக்கிறாள். ரயில் ஏறினால் ஜொகூர் பாரு, எங்கள் வாயில் ஜேபி, வந்துவிடும். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் ஒருநாளாவது இந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்று அவள் வாய் திறந்து சொன்னதில்லை. அவளைப் பொறுத்தவரை ஜேபி ஒரு ஊரே இல்லை... சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் வரிசையில் நிற்கிற இடம்.

அப்படிப்பட்டவள் போன வாரம் போன் செய்தாள். "ஞாயித்துக்கிழம நானும் மாமாவும் வர்றோம்டி. ஊரச் சுத்திக் காட்டு. கார் வேணாம், பஸ்ஸுல போலாம்."

எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. காரணம், ஆணவம்.

இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். நம் ஆட்கள் ரெண்டு தெரு தள்ளி ரொட்டி வாங்கக்கூட காரை எடுக்கிறார்கள் என்று நான் எத்தனை தடவை திட்டியிருக்கிறேன். "நீங்கள் கடைசியாக எப்போது பஸ் ஏறினீர்கள்?" என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருந்தார். பதில் போடவில்லை. எனக்கே ஞாபகம் இல்லையே, என்ன எழுதுவது? அக்கா கேட்டதும், சரி, வாசகிக்கும் பதில் ஆச்சு, அக்காவுக்கும் ஊர் காட்டின மாதிரி ஆச்சு என்று தலையை ஆட்டிவிட்டேன்.

பெரிய திட்டமெல்லாம் போட்டேன். முதலில் தெப்ராவ் பக்கம் கண்ணாடிக் கோயில். அப்புறம் அரண்மனைத் தோட்டம். மதியம் வாழையிலைச் சாப்பாடு. சாயங்காலம் கடற்கரையில் நின்று எதிரே சிங்கப்பூரைப் பார்ப்பது. மாமாவுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, அது பிடிக்கும். வரிசையில் நிற்காமல் சிங்கப்பூரைப் பார்க்க அதுதான் வழி என்பார்.

ஜேபி சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இறங்கினார்கள். அக்கா ஊதாப் பட்டுச் சேலை. தலை நிறைய பூ. முகத்தில் பாதியை மறைக்கிற கறுப்புக் கண்ணாடி, மீதிப் பாதிக்கு மாஸ்க். மாமா தலையில் ஒரு தொப்பி, கோல்ப் ஆடப் போகிறவர் மாதிரி.

கண்ணில் என்ன என்று கேட்டேன். வெயில் என்றாள். நாங்கள் நின்றது கட்டடத்துக்குள்ளே.

பஸ் நிற்கிற இடத்துக்குக் கூட்டிப் போனேன். ஒரு பஸ் வந்தது. அக்கா முன்னால் போய் டிரைவரை எட்டிப் பார்த்தாள். திரும்பி வந்து, இது வேணாம், கூட்டமா இருக்கு என்றாள். உள்ளே நாலு பேர் இருந்தார்கள். அடுத்த பஸ் எப்போது வரும்? அதை யார் சொல்வது? நம் ஊரில் பஸ் என்பது வருகிறபோது வரும்... நாம் செய்த புண்ணியத்தைப் பொறுத்தது. அதுவும் வந்தது. அதையும் எட்டிப் பார்த்துவிட்டு வேணாம் என்றாள். பஸ்ஸுக்கு ஜாதகம் பார்க்கிறாளா என்று நினைத்தேன். நினைத்தது அவ்வளவு தப்பில்லை என்று பிற்பாடு தெரிந்தது.

மூன்றாவது பஸ் வந்தபோது என் கால் மரத்துப் போயிருந்தது. அக்கா எட்டிப் பார்த்தாள். "ஏறுடி."

மாமா பஸ் கார்டுக்குப் பதிலாக அடையாள அட்டையை எடுத்து மெஷினில் தட்டினார். சத்தம் வரவில்லை. திருப்பிப் போட்டுத் தட்டினார். டிரைவர் ஒரு தமிழ்ப் பையன். முப்பது வயதுக்கு மேல் இருக்கும், நெற்றியில் மெல்லிசாகத் திருநீறு. உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். மாமாவைப் பார்த்துச் சிரிப்பை அடக்குகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

கோயில் நிறுத்தம் வந்தது. பெல்லை அழுத்தி எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். கடைசி வரைக்கும் போவோம், ஊரைப் பார்த்த மாதிரி இருக்கும் என்றாள்.

பார்த்தோம். டயர் கடை. சோபா கடை. பெட்ரோல் நிலையம். மேம்பாலம். அந்த மேம்பாலத்தின் அடிப்பாகம். பிறகு லார்க்கின் பஸ் நிலையம். எல்லாரும் இறங்கினார்கள், அக்கா இறங்கவில்லை. அதே பஸ் திரும்பியது. மேம்பாலம், பெட்ரோல் நிலையம், சோபா, டயர். கோயில் மறுபடியும் வந்தது, போனது. புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தோம். அப்போதும் அவள் இறங்கவில்லை. பஸ் மறுபடியும் லார்க்கினைப் பார்த்துக் கிளம்பியது.

எனக்குத் தாங்கவில்லை. "நீ ஊரு பாக்க வந்தியா, இல்ல இந்த பஸ்ஸ வெலைக்கு வாங்கப் போறியா?"

"சத்தம் போடாத," என்றாள் அக்கா. "ஓட்டுறது நம்ம ஷாமினிக்குப் பாத்திருக்கிற பையன்."

ஷாமினி அக்காவின் ஒரே மகள். சிகாமட்டில் நர்ஸ். அவளும் முப்பது தாண்டியவள். இந்த இடத்தில் என் அக்காவின் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

நம்மில் பெண் பார்க்கத் தட்டோடு வருவார்கள், பெண் வந்து உட்காருவாள், ஊரே பார்க்கும். பையனை யார் பார்க்கிறார்கள்? என் அக்கா பார்க்கிறாள். அவனுக்குச் சொல்லாமல், அவன் வேலை செய்கிற இடத்துக்கே போய்ப் பார்க்கிறாள். பேங்கில் இருந்த ஒரு பையனை, அங்கே கணக்கே இல்லாமல் கவுண்டர் வரிசையில் நின்று பார்த்தாள். நிமிர்ந்து பேசவில்லை என்று கழித்தாள். கிளினிக்கில் மருந்து கொடுக்கிற இன்னொருவனிடம் இல்லாத வயிற்றுவலியோடு போனாள். எங்கே வலிக்கிறது என்று அவன் கேட்கவில்லையாம். அவனும் போனான். அப்படியே இன்னும் இரண்டு பேர்.

இப்போது ரெங்கம் என்கிற ஊர்ப் பையன் பிரகாஷ். ஜேபியில் பஸ் ஓட்டுகிறான்.

பின் சீட்டிலிருந்து மாமா என் காதருகே குனிந்தார். "ரெண்டு மாசமா ரெண்டு பேரும் போன்ல பேசுறாங்கம்மா. ஷாமினிக்கு இவனப் புடிச்சிருக்கு. அம்மா இவனையும் தட்டிவிட்டா, இனிமே எனக்கு யாரையும் பாக்காதீங்கன்னு சொல்லிட்டா. சும்மா சொல்லல... அவ மொகத்த நான் பாத்தேன்."

அதைக் கேட்ட பிறகு நான் ஜன்னலைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்க்க ஆரம்பித்தேன்.

அவளுடைய முதல் குறை, பையன் பஸ் ஓட்டுவது இல்லை. இந்தப் பக்கம் ஓட்டுவது. இதே வேலையை சிங்கப்பூரில் செய்யக் கூடாதா என்றாள். நம் மக்களின் கணக்கே தனி. அந்தப் பக்கம் ஓட்டினால் அவன் 'பஸ் கேப்டன்', கல்யாணப் பத்திரிகையில்கூட போடுவார்கள். இந்தப் பக்கம் ஓட்டினால் வெறும் டிரைவர். அதே ஸ்டியரிங், அதே பிரேக். நடுவில் இருப்பது ஒரு பாலம்.

பரீட்சை தொடர்ந்தது. கடை வரிசையிலிருந்து ஒரு அம்மா இரண்டு கையிலும் பைகளோடு ரோட்டுக்கு ஓடிவந்து நிறுத்தச் சொன்னார். பையன் நிறுத்தவில்லை. கையை நீட்டி முன்னால் இருக்கிற பஸ் ஸ்டாப்பைக் காட்டினான். அங்கே போய், அந்த அம்மா மூச்சிரைக்க வந்து ஏறுகிற வரை நிறுத்திக் காத்திருந்தான்.

மனசு கல் என்று அக்கா முணுமுணுத்தாள். காத்திருந்தானே என்றார் மாமா. கண்ட இடத்தில் பஸ்ஸை நிறுத்துகிறார்கள் என்று போன மாதம்தான் நான் இதே பக்கத்தில் குதித்திருந்தேன். அதனால் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது புதுப் பழக்கம்.

அப்புறம் அக்காவுக்குப் பசித்தது.

பையிலிருந்து நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். வீட்டில் செய்தது. நெத்திலி சம்பால் வாசம் பஸ்ஸின் முன்பக்கம் வரை போனது. அவள் தலைக்கு நேர் மேலே, தட்டும் கரண்டியும் வரைந்து குறுக்கே சிவப்புக் கோடு போட்ட ஸ்டிக்கர். கறுப்புக் கண்ணாடியில் அது தெரியவில்லை போல.

பையன் முன்னால் இருந்த கண்ணாடியில் பார்த்தான். "ஆண்ட்டி, சினி தா போலே மாக்கான் யா," என்றான், மலாயில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. இங்கே சாப்பிடக் கூடாது... அவ்வளவுதான். மரியாதையாகத்தான் சொன்னான். ஆனால் மொத்த பஸ்ஸும் திரும்பியது. காதில் பாட்டு மாட்டியிருந்த ஒரு சீனப் பையன்கூட அதைக் கழற்றிவிட்டுப் பார்த்தான். அக்காவின் விரல் வாய்க்குள் இருந்தது. மாஸ்க் தாடைக்குக் கீழே தொங்கியது.

பொட்டலத்தை மடித்தாள். "மாமியாருங்கிற மரியாத இருக்கா பாத்தியா."

"அவனுக்கு நீ மாமியாருன்னு எப்படித் தெரியும்? கறுப்புக் கண்ணாடி போட்ட யாரோ ஒரு பொம்பள," என்றேன்.

"நாலு பேரு முன்னால என்னைய சொல்லிட்டான். இன்னிக்கே இப்படின்னா நாளைக்கு எம்புள்ளைய என்ன சொல்லுவான்? வேணாம். ஜாதகம் பொருந்தலன்னு சொல்லிரலாம்."

நம் இனத்தில் கிரகங்கள் படுகிற பாடு இருக்கிறதே... மனிதர்கள் சொல்லக் கூச்சப்படுகிற எல்லாவற்றையும் அவைதான் சுமக்கின்றன. பையன் கறுப்பு, வீடு சின்னது, வேலை சரியில்லை, சோறு தின்னாதே என்றான். எல்லாவற்றுக்கும் செவ்வாய் பொறுப்பு.

"நீ பஸ்ஸுல சோறு தின்ன, அவன் தின்னாதன்னான். இதுல எந்தக் கிரகம் வந்துச்சு?" என்று கேட்டேன். மாமா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவருக்கு இன்னொரு கஷ்டமும் இருந்தது. சர்க்கரை வியாதிக்காரர். முதல் தடவை லார்க்கின் வந்தபோதே அவருக்கு அவசரம். இறங்கினால் பையன் முகத்தைப் பார்த்துவிடுவான் என்று அக்கா விடவில்லை. இரண்டாவது தடவையும் விடவில்லை. மகள் வாழ்க்கையும் மூத்திரப்பையும் சேர்ந்து நெருக்க, மனிதர் வேர்த்துப் போய் உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது தடவையாக லார்க்கின் வந்தது. எல்லாரும் இறங்கினார்கள். மிச்சம் நாங்கள் மூன்று பேர். பையன் எஞ்சினை நிறுத்தினான். சீட்டை விட்டு எழுந்து நேராக எங்களிடம் வந்தான்.

"மாமா, உள்ள போனதும் எடது பக்கம் டாய்லெட். மெதுவா போயிட்டு வாங்க, பஸ் கெளம்ப நேரம் இருக்கு."

மாமா மெதுவாகப் போகவில்லை.

பிறகு அக்காவிடம் திரும்பினான். "அத்த, அடுத்த சுத்துல கோயில்ல எறங்கிருங்க. அதுக்கப்புறம் எனக்கு ஷிப்ட் முடிஞ்சிரும், வேற ஆளு வந்துருவாரு. நாள் முழுக்க அவரத்தான் பாத்துக்கிட்டு இருக்கணும்."

அக்கா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். வேறு என்ன செய்வாள்? "எப்பத் தெரியும்?"

"நேத்தே தெரியும். மாமா ஷாமினிகிட்ட சொல்லியிருக்காரு, அவ எங்கிட்ட சொன்னா." கொஞ்சம் தயங்கிவிட்டு, "தெரியாட்டியும் கண்டுபிடிச்சிருப்பேன் அத்த. நீங்க அனுப்புன குடும்பப் போட்டோவுல இதே சேலதான்," என்றான்.

ஆக, அன்று அந்த பஸ்ஸில் விவரம் தெரியாமல் உட்கார்ந்திருந்த முட்டாள் ஜென்மங்கள் இரண்டே இரண்டு. நானும் என் அக்காவும்.

அக்கா விடவில்லை. "தெரிஞ்சுக்கிட்டேதான் சாப்புடாதன்னு சொன்னியா?"

பையன் பின்கழுத்தைத் தடவினான். "உங்கள விட்டுட்டா நாளைக்கு இன்னொருத்தர எப்படிக் கேக்குறது? கீழ எறங்கி சாப்பிடலாம் அத்த, அதுக்கு யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. எனக்கும் பசிக்குது லா."

அக்கா பேசாமல் இருந்தாள். பிறந்ததிலிருந்து எனக்கு அவளைத் தெரியும். அவள் கத்தினால் பயமில்லை. பேசாமல் இருந்தால்தான் எதையோ அடியோடு முடிக்கப் போகிறாள் என்று அர்த்தம். ஷாமினியின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது.

எழுந்தாள். சேலையைச் சரிசெய்தாள். பஸ்ஸை விட்டு இறங்கினாள். அங்கே இருந்த பெஞ்சில் பையை வைத்து இன்னொரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்து அவனிடம் நீட்டினாள். அது எனக்கென்று கொண்டுவந்த பொட்டலம். யாராவது என்னைக் கேட்டார்களா?

அவன் நின்றுகொண்டே சாப்பிட்டான். நல்ல பசி. அக்கா அவன் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சம்பால் நீங்கள் செய்ததா என்று கேட்டான். பின்னே கடையிலா வாங்குவேன் என்றாள். அவனுக்குப் புரையேறியது. தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். "மெதுவா சாப்புடு," என்றாள்.

மாமா முகம் தெளிந்து திரும்பி வந்தார். பஸ்ஸில் முடிந்துபோன சம்பந்தம் பெஞ்சருகே நின்று சோறு தின்றுகொண்டிருந்தது. அப்படியே நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"கிரகமெல்லாம் சரியாத்தான் இருக்கு," என்றாள் அக்கா. "அவங்க வீட்டுக்குப் போன் போட்டு, தட்டோட எப்ப வர்றாங்கன்னு கேளுங்க."

மாமா தொப்பியை மறுபடியும் போட்டுக்கொண்டார். கண்ணை மறைக்க.

கண்ணாடிக் கோயிலுக்குப் போனோமா? இல்லை. பஸ் சரியாக அங்கே நின்றது, பையன் கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தான். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று அக்கா கையை ஆட்டிவிட்டாள். அரண்மனைத் தோட்டம் இல்லை, வாழையிலை இல்லை, சிங்கப்பூரும் இல்லை. அவள் இந்த ஊரில் பார்த்தது லார்க்கின் மட்டும். ஆனால் லாபிஸில் எல்லாரிடமும் ஜேபி ரொம்ப அழகான ஊர் என்று சொல்லிக்கொண்டு திரிகிறாளாம்.

எனக்கு ஒன்றுதான் புரிந்தது. பின் சீட்டில் ஒளிந்து உட்கார்ந்து அடுத்தவன் குணத்துக்கு மார்க் போடுகிறவர்கள் எல்லாருமே முன்னால் ஒரு கண்ணாடி இருப்பதை மறந்துவிடுகிறார்கள். நாம் அவன் முதுகைப் பார்க்கிறோம். அவன் நம் முகத்தைப் பார்க்கிறான். யாருக்கு அதிகம் தெரிந்திருக்கும்?

கேள்வி கேட்ட வாசகிக்கு: ஏறினேன் அம்மா. போதும் போதும் என்கிற அளவுக்கு ஏறினேன்.

கல்யாணம் லாபிஸில். ஜேபி ஆட்களுக்கு ஒரு பஸ் ஏற்பாடு செய்கிறார்களாம், எனக்கும் இடம் போட்டிருக்கிறார்களாம். நன்றி, நான் காரில் வந்துகொள்கிறேன்... எனக்கு வழியில் சாப்பிட வேண்டும்.