தேய்ந்த பட்டன்

எண்ணூரில் வேலை முடிந்ததென்று அனுப்பிவிட்டார்கள். திருவொற்றியூர் பக்கமாக நடக்கிறேன். குதிகால் வெடிப்பில் மணல் ஏறி எரிகிறது. ஒரு கல்யாண வீட்டு வாசலில் ஸ்பீக்கர் கீச்சுக் குரலில் குத்துப்பாட்டு அடிக்க, பெண்கள் ஆடுகிறார்கள். பாட்டு வருவது ஸ்டெல்லா என்ற பெண்ணின் கையிலிருக்கும் பழைய வீடியோ கேம் பெட்டியிலிருந்து. திடீரென்று நிற்கிறது. பட்டனை அழுத்தி அழுத்திப் பார்க்கிறாள். கட்டைவிரல் நகம் கறுத்திருக்கிறது.

"செல்போன்ல பாட்டு போடலாமே?" என்கிறேன்.

"அது ஊருக்கே கீது அண்ணாத்தே. இந்தப் பாட்டு நானே இந்த கேம் பொட்டி சத்தத்த வெச்சு செஞ்சது, இதுலதான் பாடும். பட்டனுக்கு அடியில ரப்பரு தேஞ்சிட்ச்சு. ஞாயித்துக்கெழம தங்கச்சி கல்யாணம். அதுக்குள்ள வேற கெடைக்கலன்னா டான்ஸு காலி" என்று சொல்லி, எனக்குக் குடிக்கத் தண்ணீர் தருகிறாள்.

மறுநாள் காலை மாத்தூரில் ஒரு காயலான் கடையில், பழைய மின்சாமான்களைப் பிரித்துப்போடும் வேலைக்குச் சேர்கிறேன். முதல் மூட்டையை அவிழ்த்ததும், பட்டன் உள்ளவற்றைத் தனியே எடுத்து வைக்கிறேன்.