நூற்று எழுபத்தொன்றாவது சுற்று

நெல்டா கேட்லெட் எண்ணினால் தப்பாது என்பது டன்மோர் பஞ்சாலை முழுக்கத் தெரிந்த விஷயம். பதினாறு வயதிலிருந்து நூல் சுற்றும் பகுதியில் நின்றவள். அங்கே பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் காதில் விழாது. ஆனாலும் இன்றைக்கு எத்தனை நூற்கண்டு நிரம்பியது என்று யாராவது சைகையில் கேட்டால், விரலைக்கூட மடக்காமல் சொல்லிவிடுவாள். அதைப் பார்த்துத்தான் ராய்ஸ் அவளைக் கட்டிக்கொண்டான் என்று தோழிகள் கேலி செய்வார்கள்.

"சுத்து எண்ண ஆள் தேடிக்கிட்டு இருந்தான், பொண்டாட்டியா அமைஞ்சுட்டா!"

கேலியில் உண்மையும் இருந்தது. அப்போதெல்லாம் அமெரிக்காவின் கரோலினாவில் கார்ப் பந்தயத் தளங்களில் சுற்று எண்ணுவது மனிதர்கள்தான். ஒவ்வொரு காருக்கும் ஒரு ஆள். காரோட்டுபவனே கூட்டிவர வேண்டும். பெரும்பாலும் மனைவிதான் வருவாள். முடிவுக்கோட்டுக்கு எதிரே பலகை மேடையில் வரிசையாக உட்கார்ந்துகொண்டு, தன் கார் கோட்டைத் தாண்டும்போதெல்லாம் அட்டையில் ஒரு கட்டத்தை அடிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. வெயிலில் நாலு மணி நேரம் கண்ணை எடுக்காமல் செய்து பார்த்தால்தான் அதன் கஷ்டம் தெரியும்.

ராய்ஸ் அதே ஆலையில் தறி பழுது பார்ப்பவன். வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் ஒரு பச்சை ஹட்சன் காரை மூன்று வருடமாகப் பிரித்துப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்தான். முப்பத்தாறாம் எண். ஊர்ச் செம்மண் தளங்களில் சில பந்தயங்களை ஜெயித்திருந்தான். ஆனால் பைன் ரிட்ஜில் செப்டம்பர் முதல் திங்கட்கிழமை, தொழிலாளர் தினத்தன்று நடக்கும் முந்நூறு மைல் பந்தயம்தான் பந்தயம். அதில் ஜெயித்தவனை டென்னசி வரைக்கும் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றாம் வருடம் அந்தத் திங்கட்கிழமை, தார் உருகுகிற வெயில். நெல்டாவின் இடப்பக்கம் ஐவா ஸ்டப்ஸ் உட்கார்ந்திருந்தாள். ஐவாவின் கணவன் வெர்லினும் ராய்ஸும் பந்தயத்தில் பாம்பும் கீரியும். மேடையில் மனைவிமார் இருவரும் ஒரே பொட்டலத்து அவித்த கடலையைப் பங்கு போட்டுத் தின்பார்கள்.

"உன் ஆளு வந்துட்டான்டி" என்பாள் ஐவா, வாயில் கடலையோடு.

"என் ஆளை நான் பாத்துக்கறேன். உன் ஆளு பின்னாடியே மோப்பம் பிடிச்சுட்டு வர்றான் பாரு."

மொத்தம் இருநூற்று நாற்பது சுற்று. நூற்று எழுபது வரைக்கும் நெல்டாவின் அட்டையில் ஒரு பிசகும் இல்லை. அதற்குப் பிறகுதான் நாலாவது வளைவில் ஒரு கார் பக்கவாட்டில் திரும்பி நின்றது. பின்னால் வந்தவை ஒன்றன்மேல் ஒன்றாக மோதின. புகையும் புழுதியும் எழும்பி முடிவுக்கோட்டையே மறைத்துவிட்டன. மேடையில் இருந்த பெண்களெல்லாம் எழுந்து நின்றார்கள். ஒருத்தி அலறினாள். புகைக்குள்ளிருந்து பச்சையாக ஒன்று பாய்ந்து வந்து கோட்டைத் தாண்டியதை நெல்டா பார்த்தாள். "கடவுளே, தப்பிச்சுட்டான்" என்று சொல்லிக்கொண்டே நூற்று எழுபத்தொன்றாம் கட்டத்தை அடித்தாள்.

அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. முன்பக்கத் தகடு நசுங்கி, மெதுவாக, முப்பத்தாறாம் எண் பளிச்சென்று தெரிய ராய்ஸ் புகையிலிருந்து வெளியே வந்தான். கை தன்னால் அடுத்த கட்டத்தையும் அடித்துவிட்டது. அப்புறம்தான் உறைத்தது. ஒரு சுற்றுக்கு ஒரு நிமிடமாவது ஆகும். முன்னால் போனது வேறு யாருடைய பச்சைக் காரோ.

அழிக்க வேண்டும் என்றுதான் நினைத்தாள். அதற்குள் ராய்ஸ் டயர் மாற்ற ஓரம் கட்டினான். ஆளுக்கு அடிபட்டிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள். மாற்றுவதற்குள் இரண்டு நிமிடம் போயிற்று. பிறகு கார்கள் மறுபடியும் வேகம் பிடித்தன. கண்ணை எடுக்க முடியவில்லை. முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். அவன் எப்படியும் முதலில் வரப்போவதில்லை, யாருக்கு என்ன நஷ்டம் என்றும் ஒரு எண்ணம்.

கடைசிச் சுற்றுகளில் கணக்கே மாறியது. முன்னால் போன இரண்டு பேர் எஞ்சின் புகைந்து வெளியேறிவிட்டார்கள். அறிவிப்புப் பலகையில் முதல் இடத்தில் முப்பத்தாறு ஏறியது. உண்மையில் வெர்லின்தான் அரைச் சுற்று முன்னால் இருந்தான். அட்டையின் கணக்குப்படி அரைச் சுற்று பின்னால். நெல்டாவின் பென்சில் இருநூற்று நாற்பதாம் கட்டத்தை அடித்தபோது, பந்தய முடிவைக் காட்டும் கட்டம் போட்ட கொடி ராய்ஸுக்காக அசைந்தது.

கீழே இறங்கிப் போனாள். ராய்ஸின் உள்ளங்கைகளில் தோல் உரிந்து தொங்கியது. முகமெல்லாம் கரி, பல் மட்டும் வெள்ளை. அத்தனை பேர் பார்க்க அவளைத் தூக்கிச் சுற்றினான்.

"ஜெயிச்சுட்டோம் நெல்! நீயும் நானும்! கேட்டியா, நாம ஜெயிச்சுட்டோம்!"

அவன் அழுதுகொண்டிருந்தான். கல்யாணமான ஆறு வருடத்தில் அவன் அழுது அவள் பார்த்ததில்லை. வாயைத் திறக்க மனம் வரவில்லை. சுற்று எண்ணுபவர்களுக்குத் தலைவரான ஹாப்குட் வந்து, "உன் அட்டை சரிதானேம்மா?" என்று கேட்டபோது தலையை ஆட்டிவிட்டாள்.

அதோடு போயிருக்கும். ஆனால் மேடைப் பக்கமிருந்து வெர்லினின் குரல் கேட்டது.

"ஒண்ணு விட்டிருக்கே! நீதான் எங்கேயோ ஒண்ணு விட்டிருக்கே! நாலு மணி நேரம் உயிரைக் கொடுத்து ஓட்டினேன்டீ. கடலை தின்ன நேரத்துல கண்ணைத் திறந்து வெச்சிருந்தா என்னவாம்?"

ஐவா பலகையில் உட்கார்ந்து, அட்டையை மடியில் வைத்து, விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டு மறுபடி எண்ணிக்கொண்டிருந்தாள். மூக்குக் கண்ணாடி நனைந்திருந்தது. "நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன், வெர்லின்" என்றாள். பிறகு குரல் தணிந்து, "புகை வந்தப்ப விட்டிருப்பேனோ என்னவோ. தெரியலையே" என்றாள்.

தன் அட்டை சரியென்று தெரிந்த பெண், அதைச் சந்தேகப்படத் தொடங்கியிருந்தாள். நெல்டாவால் அதற்குமேல் நிற்க முடியவில்லை. ஹாப்குட்டிடம் போய், நூற்று எழுபத்தொன்றாவது கட்டத்தில் விரலை வைத்தாள்.

"இது பொய். இது ராய்ஸ் இல்ல. வேற காரு."

ஹாப்குட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யோசிச்சுதான் பேசறியாம்மா? நீ சொல்லலைன்னா இதை யாரும் கண்டுபிடிக்கப் போறதில்ல."

"அதனாலதான் சொல்றேன்."

வெற்றி வெர்லினுக்குப் போயிற்று. ஒலிபெருக்கி அறிவித்தபோது ராய்ஸ் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். யாரும் கேட்பதற்கு முன் அதைத் தரையில் வைத்துவிட்டு நடந்தான். டிரக்கில் ஏறினான். பிறகு ஒன்றே ஒன்று சொன்னான்.

"என்கிட்ட மொதல்ல சொல்லியிருக்கலாம்ல? நானே போய்க் கொடுத்திருப்பேனே."

கொடுத்திருப்பானோ மாட்டானோ என்று யோசிக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

ஆலையில் ஒரு வாரம் "ஜட்ஜம்மா வர்றாங்க, வழி விடுங்க" என்றார்கள். போதகர் பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் பாராட்டினார். அது இன்னும் மோசமாக இருந்தது. ராய்ஸ் அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. சாப்பாடு நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னான். ஆனால் அடுத்த பந்தயத்துக்கு, ஆலையின் சாயப் பகுதியில் வேலை பார்த்த ஒரு பையனிடம் அட்டையைக் கொடுத்தான். அவளிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கொட்டகைக் கதவு உள்ளே தாழ்போட்டிருக்கத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தேவாலயத்துக்கும் அவன் பந்தயத்துக்குமாகப் பிரிந்து போனார்கள். ஒன்றரை வருடம் இப்படியே ஓடியது. அவன் எந்தப் பந்தயத்திலும் மூன்றாவது இடத்துக்கு மேல் வரவில்லை.

ஐம்பத்தைந்து ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை. சோள ரொட்டியைப் பிட்டு மோரில் போட்டபடி ராய்ஸ் திடீரென்று பேசினான்.

"அந்தப் பையன் பட்டாளத்துக்குப் போயிட்டான். ஞாயித்துக்கிழமை நீ வர்றியா? எண்ண ஆள் இல்ல."

நெல்டா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா நெனைச்சேன் நெல். அன்னிக்கு எனக்குக் கொடி ஆட்டினப்பவே எனக்குச் சந்தேகந்தான். டயர் மாத்தினதுல அவ்ளோ பின்னாடி விழுந்தவன் எப்படி மொதல்ல வந்தேன்னு. ஆனா ஆசை. வாயை மூடிக்கிட்டேன்."

அவன் சமாதானத்துக்கு வந்த விதம் அது. வேறு விதம் அவனுக்குத் தெரியாது. நெல்டாவுக்கு அது அப்போது புரியவில்லை. அவளுக்குக் கேட்டது ஒன்றுதான்: இவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே ஒன்றரை வருடம் என்னைத் தனியாக விட்டிருக்கிறான்.

"தெரிஞ்சேதான் இப்படி இருந்தியா?" என்றாள். "ஊரே என்னைக் கிழிச்சுத் தொங்கவிட்டப்போ?"

"தப்புதான்."

"நான் வரல. வேற யாரையாவது பாத்துக்கோ."

அவன் மோரைக் குடித்துவிட்டு எழுந்தான். "சரி. கேட்டுப் பாத்தேன்" என்றான். கொட்டகைக் கதவை அன்று அவன் தாழ்போடவில்லை. அதை அவள் கவனித்தாள். கவனித்தும் போகவில்லை. ரெண்டு வாரம் ஆகட்டும், மே மாசப் பந்தயத்துக்குப் போனால் போயிற்று என்று இருந்தாள்.

ஞாயிறு மதியம் தேவாலயத்திலிருந்து வந்து, வாரத்துக்கான துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் கார் நின்றது. இறங்கியது வெர்லின் ஸ்டப்ஸ். சட்டையில் செம்மண், கையில் தொப்பி. படியேறாமல் கீழேயே நின்றான். அவன் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

"சக்கரம் கழண்டுடுச்சும்மா. வேலியைத் தாண்டி மரத்துல... நான் பின்னாடிதான் வந்தேன். எறங்கி ஓடினேன். கஷ்டப்படல. அது மட்டும் நெஜம்."

அவள் கேட்டது அவனைத் திகைக்க வைத்தது. "எத்தனை சுத்து ஓடினான்?"

வெர்லின் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அவனுக்கு எண்ண ஆள் இல்லம்மா. இன்னொரு காருக்கு எண்ண வந்த பொண்ணு சேத்துப் பாத்துக்கறேன்னா. அவளுக்குக் குழம்பிப் போச்சு. யாருக்கும் தெரியல."

மறுநாள் பத்திரிகையில் 'சுமார் நாற்பது சுற்றுகள் ஓடிய நிலையில்' என்று வந்தது. நெல்டா அந்த 'சுமார்' என்ற சொல்லை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் ஐவா கோழிக்கறி அடைத்த அப்பம் செய்து எடுத்துக்கொண்டு வந்தாள். இருவரும் சமையலறை மேசையில் உட்கார்ந்தார்கள். அப்பத்தை யாரும் தொடவில்லை.

"எனக்கு மனசு கேக்கல நெல்டா" என்றாள் ஐவா. "எனக்காகத்தானே அன்னிக்கு எழுந்து போனே. நீ பேசாம இருந்திருந்தா ராய்ஸ் ஜெயிச்ச ஆளா இருந்திருப்பான். நல்ல காரு கெடைச்சிருக்கும். இந்த மாதிரி மண்ணுல வந்து..."

"அதுக்காக நான் ஒரு நாளும் வருத்தப்படல. அப்படி யாராவது சொன்னா, இல்லைன்னு சொல்லு."

"அப்போ ஏன் இப்படி ஒடிஞ்சுபோய் உக்காந்திருக்கே?"

நெல்டா வியாழக்கிழமை நடந்ததைச் சொன்னாள். அவன் கேட்டதையும், தான் சொன்ன பதிலையும். போயிருந்தாலும் சக்கரம் கழன்றுதான் இருக்கும், அதைத் தடுக்க அவளால் முடியாது. அது அவளுக்கும் தெரியும். ஆனால் மேடையில் அவள் இருந்திருப்பாள். ஒவ்வொரு முறை கோட்டைத் தாண்டும்போதும் அவன் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பான். பச்சை ஹட்சனில் ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து அவன் வழக்கம் அது.

"நாப்பது தடவை பாத்திருப்பான், ஐவா. நான் அங்க இல்ல."

ஐவா எழுந்து அடுப்பைப் பற்ற வைத்துக் காப்பி போட்டாள்.

நெல்டா அதற்கப்புறம் எந்தப் பந்தயத் தளத்திலும் கால் வைக்கவில்லை. ஹட்சனின் மிச்சத்தை யாரோ பழைய இரும்புக்குக் கேட்டார்கள். எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். மறுமணம் செய்துகொள்ளச் சொன்னவர்களுக்குப் பதில் சொல்லாமல் இருந்தே அலுக்க வைத்தாள். ஐவா வருவது சில வருடங்களில் குறைந்தது. வெர்லின் முதுகு ஒடிந்து படுத்த பிறகு நின்றே போயிற்று. ஆலை மூடும் வரை நெல்டா நூல் சுற்றும் பகுதியிலேயே இருந்தாள். காது கொஞ்சம் கொஞ்சமாக மந்தமாகியது. ஆனால் செப்டம்பரில் தொழிலாளர் தினத்தன்று காற்று பைன் ரிட்ஜ் பக்கமிருந்து அடித்தால், எட்டு மைலுக்கு அப்பால் எஞ்சின்கள் உறுமுவது மட்டும் எப்படியோ கேட்டுவிடும். அந்த வெயிலிலும் அவள் வீட்டு ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்துவாள்.